லேசர் சொடுக்கில் எடை பார்க்கலாம், வாங்க!

1030.6. 1044.6. 1058.6.

இந்த மூன்று எண்களையும் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உற்சாகம் தாங்காது. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துப் பாருங்கள்: 14. மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பாருங்கள்: மறுபடியும் 14! கார்பன் அணு ஒன்று, ஹைட்ரஜன் அணு இரண்டு. 12-ம் 2-ம் சேர்ந்தால் 14. எந்தக் கண்ணுக்கும் எட்டாத மூலக்கூறு ஒன்று, தன் வாலில் ஒவ்வொரு கண்ணியாகச் சேர்த்து நீண்டுகொண்டே போகிறது. அதை எடை போட்டே கண்டுபிடித்துவிட்டார்கள்!

கண்டுபிடித்தவர்கள் நம்ம புதுச்சேரிக்காரர்கள். ஜிப்மருக்குப் பக்கத்தில், இந்திரா நகரில் இருக்கிறது வி.சி.ஆர்.சி. என்ற நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அதை 1975-ல் தொடங்கியது. அங்கே ஐ. கீதா, ஏ. எம். மனோன்மணி, கே. பி. பைலி ஆகிய மூவரும் கொசுவைக் கூட்டுப்புழுப் பருவத்திலேயே கொல்லும் ஒரு பொருளைத் துரத்திக்கொண்டு போனார்கள். அந்தத் துரத்தலின் முடிவில் வந்த எண்கள்தான் மேலே இருப்பவை. 2010-ல் ஆய்விதழில் வெளியாயின. எடை போட்ட கருவியின் பெயர் மால்டி-டோஃப். லேசர் ஒளியால் மூலக்கூறுகளைப் பறக்கவிட்டு, அவை பறந்த நேரத்தைக் கொண்டே எடை சொல்லும் கருவி.

இந்தக் கதையின் திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்கலாமா? லேசர் அறைக்குப் போகும் முன் தண்ணீரில் கொஞ்சம் கால் நனைக்க வேண்டும்.

வாய்க்காலோரம்

வில்லியனூர் கொம்யூனில் சங்கராபரணி ஆறு, பக்கத்திலேயே ஊசுடு ஏரி. பாகூர் கொம்யூனில் பாகூர் ஏரி, தென்பெண்ணைத் தண்ணீரை அதற்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால், ஏரிக்குக் கீழே கண்ணுக்கெட்டிய வரை நெல் வயல். தண்ணீர் உள்ள ஊர் என்பதால்தான் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூருக்குப் பெயர். தண்ணீர் இருந்தால் கொசுவும் உண்டு. ஒவ்வொரு கொசுவுக்கும் ஒவ்வொரு தண்ணீர். தேங்கிய சாக்கடை யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸுக்கு. தொட்டி, கிணறு, மாடித் தண்ணீர்த் தொட்டி மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சிக்கு. வீட்டுப் பின்புறத்து டயரும் உடைந்த குடமும் டெங்கு பரப்பும் ஏடிஸுக்கு. நாற்று நட்ட வயல், மூளைக்காய்ச்சல் பரப்பும் இன்னொரு வகைக் கியூலெக்ஸுக்கு.

கொசு ஆய்வாளர்களின் முதல் ஆயுதம் டிப்பர். நீண்ட பிடி போட்ட வெள்ளைக் கரண்டி, அவ்வளவுதான். அதைச் சாய்த்துப் பிடித்து, நிழல் விழாமல், தண்ணீரின் மேற்பரப்பைச் சட்டென்று முகப்பார்கள். கொஞ்சம் தாமதித்தாலும் புழுக்கள் ஆழத்துக்கு ஓடிவிடும். முகந்த தண்ணீர் அடங்கியதும் வெள்ளைப் பின்னணியில் இரண்டு விதமான உயிர்கள் தெரியும். நீளமாக நெளிபவை புழுக்கள். தலை பெருத்து, வால் மடங்கி, விரல் நிழல் பட்டாலே குட்டிக்கரணம் போட்டு இறங்குபவை கூட்டுப்புழுக்கள். ஆய்வகத்தில் இவற்றைப் பியூப்பா என்றே சொல்வார்கள்.

இந்தப் பியூப்பா பெரிய சவால். ஏனென்றால் அது எதையும் தின்பதில்லை! கொசுப்புழுவை ஒழிக்க உலகமெங்கும் தெளிக்கப்படும் பாக்டீரியா, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ். சுருக்கமாக பி.டி.ஐ. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கிடைத்தது. வி.சி.ஆர்.சி.யும் தனக்கென்று பி-17 என்ற பி.டி.ஐ. வகையைப் பிரித்தெடுத்து வைத்திருக்கிறது. அருமையான மருந்து. ஆனால் புழு அதைத் தின்றாக வேண்டும். வயிற்றுக்குள் போனால்தான் நஞ்சு வேலை செய்யும். வாயே திறக்காத பியூப்பாவை அது ஒன்றும் செய்யாது. தெளித்த அன்று பியூப்பாவாக இருந்தவை இரண்டே நாளில் இறக்கை முளைத்துப் பறந்துவிடும்.

பியூப்பாவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது மூச்சு விட வேண்டும். தலைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்னக் குழாய்களைத் தண்ணீரின் மேற்பரப்பில் நீட்டித் தொங்கிக்கொண்டுதான் அது காற்று வாங்குகிறது. தொங்குவதற்குத் தண்ணீரின் பரப்பு இழுவிசை வேண்டும். அதைக் குலைத்தால்?

அந்தமான் அலையாத்தியில் கிடைத்த துப்பு

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் அலையாத்திக் காடுகளிலிருந்து கிடைத்த ஒரு பாக்டீரியா, பேசில்லஸ் சப்டிலிஸ், வி.சி.ஆர்.சி.யின் சேமிப்பில் பி-471 என்ற எண்ணோடு இருந்தது. அதை வளர்த்து, பாக்டீரியாவை நீக்கிவிட்டு, மிஞ்சிய திரவத்தைக் கொசுக்கள் இருந்த தண்ணீரில் விட்டார்கள். புழுக்கள் செத்தன. கூடவே, பியூப்பாக்களும் செத்தன! தின்னாத ஒன்றையும் கொல்கிறது என்றால் இது பி.டி.ஐ. போல வயிற்று நஞ்சு இல்லை. அப்படியானால் வேறு என்ன?

குளோரோபார்மில் பிரித்தெடுத்த சாறு, மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் இருந்தாலே பியூப்பாக்களில் பாதியைக் கொன்றது. 1,000 லிட்டர் தொட்டிக்கு ஒரே ஒரு கிராம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சோதித்த மூன்று வகைக் கொசுக்களில் அனோபிலிஸ் ஸ்டீபன்சியின் பியூப்பாக்களே இதற்கு மிக எளிதில் பலியாயின.

ஆனால் "சாறு" என்பது ஒரு பெயரே இல்லை. அதில் நூறு பொருள்கள் இருக்கலாம். கொல்வது எது என்று தெரியாமல் அதைத் தயாரிக்க முடியாது. தயாரித்த ஒவ்வொரு முறையும் அதே வீரியம் இருக்கிறதா என்று சோதிக்கவும் முடியாது. அதனால் சாற்றைச் சல்லடை போலச் செயல்படும் ஜெல் வழியாக விட்டுத் தூய்மைப்படுத்தினார்கள். அகச்சிவப்பு ஒளியில் வைத்துப் பார்த்தபோது, இது அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு இனம் என்ற தடயம் கிடைத்தது. குலம் தெரிந்தாயிற்று. இனி பெயர் தெரிய வேண்டும். அதற்குத்தான் மால்டி-டோஃப்.

இதோ, கருவி அறை!

வாங்க, மெதுவாக. முதலில் கையுறை. இது வெறும் சுத்தத்துக்காக இல்லை. நம் தோலிலும் முடியிலும் கெரட்டின் என்ற புரதம் இருக்கிறது. விரல் ஒரு தடவை பட்டால் போதும், ஆராய வேண்டிய புரதத்தோடு நம் தோலின் புரதமும் வரைபடத்தில் ஏறிவிடும். இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் கெரட்டின் பழைய எதிரி.

மேசை மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு எஃகுத் தட்டு. அதில் வரிசை வரிசையாகச் சின்ன வட்டங்கள். சில தட்டுகளில் 96, சிலவற்றில் 384. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு மைக்ரோலிட்டர் மாதிரி. பிப்பெட்டின் நுனியில் தொங்கும் அந்தச் சொட்டு, கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். அதன் மேல் இன்னொரு மைக்ரோலிட்டர் மேட்ரிக்ஸ் கரைசல். பெப்டைடு போன்ற சிறியவற்றுக்கு சின்னமிக் அமில வகை ஒன்று. பெரிய புரதங்களுக்கு சினாபினிக் அமிலம். மேட்ரிக்ஸ்தான் இந்த வித்தையின் உயிர். கரைசல் ஆவியாகும்போது பார்க்க வேண்டுமே! ஓரத்திலிருந்து வெளிறிய மஞ்சளில் படிகங்கள் பூத்து நடுவை நோக்கி வருகின்றன. நம் மாதிரியின் மூலக்கூறுகள் அந்தப் படிகங்களுக்குள் சிறைப்படுகின்றன.

மேட்ரிக்ஸ் எதற்கு? திருவிழாவில் கடலை வறுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். கடலையை வெறும் சட்டியில் போட்டால் கருகிவிடும்; மணலைப் போட்டு வறுத்தால் மணல் சூட்டை வாங்கிக்கொண்டு கடலையைப் பதமாகக் காப்பாற்றும். புரதமும் அப்படித்தான். லேசரை நேரடியாக அடித்தால் துண்டு துண்டாகச் சிதறும். மேட்ரிக்ஸ் படிகம் லேசரின் ஆற்றலைத் தான் வாங்கி, தான் ஆவியாகி, உள்ளே இருக்கும் மூலக்கூறை முழுசாகத் தூக்கிக்கொண்டு எழும்புகிறது. போகிற போக்கில் அதற்கு ஒரு மின்னூட்டத்தையும் கொடுத்துவிடுகிறது.

தட்டு கருவிக்குள் போகிறது. பம்புகள் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுகின்றன. மூலக்கூறு பறக்கும் வழியில் காற்றின் துகள்கள் குறுக்கே வந்து மோதக் கூடாது அல்லவா? திரையில் படிகங்கள் பெரிதாகத் தெரிகின்றன. லேசரை எங்கே அடித்தால் நல்ல சமிக்ஞை வரும் என்று இடம் பார்க்கிறார்கள். இதை அவர்களே "ஸ்வீட் ஸ்பாட்" தேடுவது என்பார்கள். பிறகு புற ஊதா லேசர். ஒவ்வொரு துடிப்பும் நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம். நூற்றுக்கணக்கான துடிப்புகளின் விளைவைக் கூட்டித்தான் ஒரு வரைபடம் தயாராகிறது.

இனிதான் பந்தயம். இப்படி மின்னூட்டம் பெற்றுப் பிறந்த அயனிகள் அத்தனைக்கும் சுமார் 20,000 வோல்ட் கொடுத்து ஒரே தள்ளு. எல்லோருக்கும் ஒரே ஆற்றல் என்பதால் லேசானது வேகமாகவும் கனமானது மெதுவாகவும் போகும். எவ்வளவு வேகம்? 1,000 டால்டன் (மூலக்கூறுகளை எடை போடும் அலகு) எடையுள்ள அயனிக்கு நொடிக்கு ஏறத்தாழ 62 கிலோமீட்டர்! பாகூரிலிருந்து புதுச்சேரி பேருந்து நிலையத்துக்கு மூன்றில் ஒரு நொடி. ஒரு மீட்டர் நீளக் குழாயை அது 16 மைக்ரோ நொடியில் கடந்துவிடும். அதைப் போல் நான்கு மடங்கு கனமானதுக்கு இரண்டு மடங்கு நேரம், 32 மைக்ரோ நொடி. குழாயின் மறுமுனையில் இருக்கும் உணரி, யார் எப்போது வந்தார் என்று குறித்துக்கொள்கிறது. நேரத்தை வர்க்கப்படுத்தினால் எடை கிடைத்துவிடும். அதே தட்டில் எடை தெரிந்த பெப்டைடுகளையும் வைத்து அளவுகோலைச் சரி பார்த்துக்கொள்கிறார்கள்.

அவ்வளவே! தராசுத் தட்டு இல்லை, படிக்கல் இல்லை. ஒரு ஓட்டமும் ஒரு கடிகாரமும்.

கியோட்டோவின் 25 வயது இளைஞர்

இந்த வித்தை எப்படிப் பிறந்தது என்பது இன்னொரு சுவாரசியம். 1980-களின் தொடக்கத்தில் பெரிய புரதங்களை லேசரால் முழுசாக எழுப்ப முடியாது என்பதே பலரின் எண்ணம். ஜப்பானின் கியோட்டோ நகரில் ஷிமாட்சு நிறுவனத்தில் கொய்ச்சி தனாகா என்ற இளைஞர் வேலை பார்த்தார். படித்தது மின் பொறியியல்; வயது 25. மிக நுண்ணிய கோபால்ட் தூளை அசிட்டோனில் கலக்க வேண்டிய ஒரு நாள், தவறுதலாகக் கிளிசரினில் கலந்துவிட்டார். கொட்டிவிட மனம் வரவில்லை. வீணாக்குவானேன் என்று அதையே கருவியில் வைத்துப் பார்த்தார். அதுவரை உடைந்துகொண்டே இருந்த மூலக்கூறு உடையாமல் வந்தது! அந்த வழியிலேயே போய், 1987-ல் 34,472 டால்டன் எடையுள்ள கார்பாக்சிபெப்டிடேஸ் என்ற முழுப் புரதத்தை எழுப்பிக் காட்டினார்.

அதே காலத்தில் ஜெர்மனியில் மைக்கேல் கராஸும் ஃபிரான்ஸ் ஹில்லன்காம்பும் வேறு வழியில் வந்துகொண்டிருந்தார்கள். ஒளியை உறிஞ்சும் சிறு கரிமப் பொருளோடு கலந்தால் மற்ற மூலக்கூறும் எளிதில் எழும்புகிறது என்று 1985-லேயே கண்டவர்கள் அவர்கள். 1988-ல் 10,000 டால்டனைத் தாண்டிய புரதங்களை எடை போட்டார்கள். இன்று ஆய்வகங்களில் புழங்கும் மால்டி அவர்கள் வகுத்த முறை. 2002-ல் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பங்கு தனாகாவுக்குக் கிடைத்தபோது அவருக்கு வயது 43. முனைவர் பட்டம் வாங்காதவர். ஒரு கலவையைக் கொட்டாமல் சோதித்துப் பார்த்த அந்தப் பொறுமையை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

எண்கள் பேசுகின்றன

இப்போது திரையைப் பாருங்கள். புதுச்சேரியின் சாறு பறந்து முடிந்திருக்கிறது. தட்டையான கோட்டிலிருந்து ஊசி ஊசியாகச் சிகரங்கள் எழுகின்றன: 1030.6, 1044.6, 1058.6. இவற்றோடு 1046.7, 1060.5, 1074.6 என்று இன்னொரு வரிசையும்.

முதல் வரிசையில் 14 இடைவெளி ஏன் என்று பார்த்தோம். இரண்டாவது வரிசையிலும் ஏறத்தாழ அதே 14. சரி, இந்த வரிசைக்கும் அந்த வரிசைக்கும் நடுவே? 1030.6-க்கும் 1046.7-க்கும் ஏறத்தாழ 16. 1044.6-க்கும் 1060.5-க்கும் கிட்டத்தட்ட 16. 1058.6-க்கும் 1074.6-க்கும் 16! சோடியத்தின் எடை 23, பொட்டாசியத்தின் எடை 39; வித்தியாசம் 16. ஆக, ஒரே மூலக்கூறு ஒருமுறை சோடியத்தையும் ஒருமுறை பொட்டாசியத்தையும் ஒட்டிக்கொண்டு பறந்து வந்திருக்கிறது. ஒட்டிய உப்பைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது மூன்றே எடைகள்: ஏறத்தாழ 1007, 1021, 1035.

அந்த எடைகளுக்குச் சொந்தக்காரரை வேதியியல் உலகம் முன்பே அறியும். 1968-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பேசில்லஸ் சப்டிலிஸிலிருந்து பிரித்த சர்ஃபாக்டின்! ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கைகோத்திருக்க, அதிலிருந்து ஒரு கொழுப்பு அமில வால். வாலில் 13, 14, 15 கார்பன். மூன்று சிகரங்களும் மூன்று வால் நீளங்கள்.

பெயர் தெரிந்ததும் மர்மமும் விலகுகிறது. சர்ஃபாக்டின் சோப்பைவிடத் திறமையாகத் தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பது. 72 அலகு இருப்பதை 27 அளவுக்கு இறக்கிவிடும். மேற்பரப்பைப் பிடித்துத் தொங்கிய பியூப்பாவுக்குப் பிடி போய்விடுகிறது. வாய் திறக்காத உயிரை எப்படிக் கொன்றது என்ற கேள்விக்கு, ஓர் எடைப் பட்டியல் வழி காட்டிவிட்டது!

சர்ஃபாக்டின் இந்தக் கருவிக்குச் சின்னப் பிள்ளைதான். பி.டி.ஐ.யின் நஞ்சுப் புரதங்கள் 27,000 டால்டனில் தொடங்கி ஏறத்தாழ 1,35,000 வரை போகும். அவ்வளவு பெரிய புரதங்களையும் எடை போடுமளவு இந்த முறை வளர்ந்துவிட்டது.

கால்களே போதும்!

கடைசியாகக் காட்டப்போவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. கொசுவின் கால்களை எடுத்து, ஃபார்மிக் அமிலமும் அசிட்டோநைட்ரைலும் சேர்த்து அரைத்து, அந்தச் சாற்றைத் தட்டில் வைத்து லேசர் அடித்தால், அது எந்த இனக் கொசு என்று தெரிந்துவிடும். பிரான்சின் மார்செய் ஆய்வாளர்கள் 2013-ல் இதைக் காட்டினார்கள். 2,000 முதல் 20,000 டால்டன் வரையிலான புரதங்களின் சிகர வரிசை, இனத்துக்கு இனம் மாறும். அதே ஊர்க்காரர்கள் பின்னாளில் கொசுவின் வயிற்றில் இருக்கும் இரத்தம் யாருடையது என்பதையும் இதே கருவியில் கண்டார்கள். பெரிய மருத்துவமனைகளின் நுண்ணுயிரியல் துறைகளில் நோயாளியின் மாதிரியில் வளர்ந்த பாக்டீரியாவின் பெயரைச் சில நிமிடத்தில் சொல்வதும் இந்த முறையே.

பாகூர் வயல்களுக்கு இது எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள். மூளைக்காய்ச்சல் பரப்பும் கியூலெக்ஸ் கூட்டத்தில் டிரைட்டேனியோரின்கஸ், விஷ்ணுயி, சூடோவிஷ்ணுயி என்று ஒன்றுபோல் இருக்கும் இனங்கள் உண்டு. பொறியில் விழுந்து செதில் உதிர்ந்த கொசுவை நுண்ணோக்கியில் பார்த்து இனம் பிரிப்பது பெரும்பாடு. கால்கள் மிஞ்சியிருந்தால் போதும் என்றால் அது எவ்வளவு பெரிய வரம்!

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இந்தக் கருவி தானாக எதையும் அறியாது. வரும் சிகர வரிசையைத் தன்னிடம் உள்ள நூலகத்தோடு ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்லும். நூலகத்தில் இல்லாத கொசுவுக்கு அதனிடம் பெயர் இல்லை. மார்செய் கொசுவை வைத்துக் கட்டிய நூலகம் பாகூர் கொசுவுக்கு முழுசாகப் போதாது. நம் வயலில், நம் வாய்க்காலில் பிடித்த கொசுவை, அனுபவமுள்ள பூச்சியியலாளர் ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்னது என்று உறுதி செய்து நூலகத்தில் சேர்த்தால்தான் லேசருக்கும் அது விளங்கும். எடையைக் கருவி சொல்லும். எடைக்குப் பெயர் வைக்க, சேற்றில் இறங்கியவர்கள் வேண்டும். சர்ஃபாக்டின் கதையும் அதுதான்: அலையாத்திச் சேற்றில் யாரோ மாதிரி எடுக்காமல் இருந்திருந்தால், லேசர் எதைப் பறக்கவிட்டிருக்கும்?

வில்லியனூரிலும் பாகூரிலும் பிளஸ் டூ அறிவியல் படிக்கும் பிள்ளைகளே, அறிவியலில் பட்டம் வாங்கிய பிறகு இந்த வழியில் வர உங்களுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. வி.சி.ஆர்.சி.யில், புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ், பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. உங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து பேருந்து தூரம். கருவியை இயக்க யாரும் பழகிக்கொள்ளலாம். எந்த வாய்க்காலில் எந்த மாதத்தில் எந்தப் புழு நெளியும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவோடு லேசர் அறைக்குள் வாருங்கள்; நம் ஊர்க் கொசுக்களின் நூலகத்தை எழுதப்போவது நீங்கள்தான்!